பாதியில் நின்ற பழைய காருக்கு என்ன விலை கொடுக்கலாம்?



“சார், பழைய மோரிஸ் மைனர் ஒன்று விலைக்கு வருகிறது. வேலை பாதி முடிந்திருக்கிறது. வாங்கலாமா?” இப்படிக் கேட்கும் தம்பிமார்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கேட்பவர்கள் பணக்காரர்கள் அல்லர். தோட்டத்தில் பிறந்து, டவுனில் தொழிற்சாலை வேலைக்குப் போய், கையில் நாலு காசு சேர்த்தவர்கள். சில வீடுகளில், 55 வயதில் தகப்பனார் கைக்கு வந்த சேமநிதிப் பணமும் இதில் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் கிராணியும் டிரெஸ்ஸரும் வைத்திருந்த கார் இது. நம் அப்பாமார்களில் சிலர் அந்தக் கார்களைக் கழுவியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் சேற்றிலிருந்து தள்ளிவிட்டும் இருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்தவர்கள் குறைவு. அப்பா கழுவிய காரில் அப்பாவையே உட்கார வைத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஓட்டிப் போக வேண்டும் என்று ஒரு மகன் நினைத்தால், அதில் தப்பு என்ன இருக்கிறது? ஆசையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆசைக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டத்தான் வந்திருக்கிறேன்.

வேலை முழுதும் முடிந்து ஓடும் கார் என்றால் விலை சொல்வது சுலபம். நாலு பேரை விசாரித்தால் தெரிந்துவிடும். முழுதும் துருப்பிடித்த கார் என்றாலும் சுலபம். பழைய இரும்புக் கடைக்காரர் நிறுத்துச் சொல்லிவிடுவார். பாதி வேலையில் நிற்கும் கார்தான் ஆளை ஏமாற்றும். உடல் செங்கல்மேல் நிற்கும். எஞ்சின் ஒரு மூலையில் சாக்கு போர்த்திக் கிடக்கும். திருகாணிகள் பிஸ்கட் டின்னில் இருக்கும். விற்பவர், “முக்கால்வாசி முடிந்தது, இனி மாட்ட வேண்டியதுதான் பாக்கி” என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் செய்த வேலை அவர் கண்ணுக்குத் தெரிகிறது. செய்யாத வேலை எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

முதலில் பத்திரம்

காரைத் தொடுவதற்கு முன் பத்திரத்தைக் கேளுங்கள். நாம் ‘கிரான்’ என்று சொல்கிறோமே, அந்தப் பதிவு யார் பெயரில் இருக்கிறது? விற்பவர் பெயரில்தானா, அல்லது அவருக்கு விற்றவரின் பெயரிலேயே நின்றுவிட்டதா? அட்டையாகக் காட்டினாலும் கணினிப் பதிவாகக் காட்டினாலும், அதில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் மாற்றும்போது பரிசோதனை நிலையத்தில் இந்த எண்களைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இடையில் யாராவது எஞ்சினை மாற்றிவிட்டு இலாகாவுக்குத் தெரிவிக்காமல் இருந்தால், அந்தத் தலைவலி வாங்குகிறவருக்கு வந்து சேரும்.

பதிவில் உள்ளவர் இறந்துவிட்டார் என்றால், அவருடைய வாரிசுகள் சட்டப்படி அதிகாரம் பெறாமல் காரை உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. “அண்ணன் கையெழுத்துப் போட்டுவிடுவார்” என்ற வாய்ப்பேச்சு அங்கே செல்லாது. பல ஆண்டுகளாகச் சாலை வரி கட்டாத வண்டி என்றால், பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, திரும்ப ஓட்டுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று சாலைப் போக்குவரத்து இலாகா காரியாலயத்திலேயே நேரில் கேளுங்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் நட்டமில்லை. பதிவு சரியில்லாத கார் உதிரிப் பாகங்களின் குவியல்தான். அதற்கு அந்த விலைதான்.

பிறகு உடல்

மோரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் மினி காரையும் அவர்தான் வடிவமைத்தார். 1948இல் வெளிவந்த மைனர், 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. லாரியைப் போல இதற்குத் தனியாகக் கனமான சட்டம் கிடையாது. தரைத் தகடும், கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் தகரப் பெட்டியும், கூரையும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே, கீழ்ப்பாகம் அரித்துப் போனால் காரின் முதுகெலும்பே போனதாக அர்த்தம்.

நம் மக்கள் முதலில் பார்ப்பது மட்கார்டைத்தான். பளபளவென்று இருந்தால் மயங்கிவிடுகிறார்கள். மைனரின் நான்கு மட்கார்டுகளும் போல்ட்டில் மாட்டியவை. கழற்றி வேறு மாட்டிவிடலாம். அதில் ஓட்டை இருந்தாலும் பயப்பட வேண்டாம். குனிந்து கீழே பாருங்கள். கதவுக்குக் கீழுள்ள பெட்டி, முன் ஆசனத்துக்கு அடியில் குறுக்கே போகும் தகடு, பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், டிரைவர் கால் வைக்கும் தரை, இந்த நான்கும்தான் பணத்தை விழுங்கும் இடங்கள்.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். இரும்புத் தகட்டில் அது ஒட்டும். குழியைப் பட்டி மாவு வைத்து அடைத்துச் சாயம் பூசிய இடத்தில் ஒட்டாது. கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். கீழே இறங்குகிறதா? கதவுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருக்கிறதா? அனுமதி கேட்டு ஜாக் வைத்துத் தூக்கும்போது அந்த இடைவெளி மாறினால், உடல் வளைகிறது என்று பொருள்.

இன்னொன்று: டிராவலர் என்ற வகையில் பின்பக்கம் மரச்சட்டம் இருக்கும். அது அழகுக்கு வைத்தது அல்ல. பின் பாகத்தைத் தாங்குவதே அந்த மரம்தான். நம் ஊர் மழையில் மரம் ஊறி மெத்தென்று ஆகியிருந்தால், அது தச்சு வேலையோடு முடிகிற செலவு இல்லை.

தார்ப்பாய் போட்டு மூடி வைத்த காரென்று பெருமையாகச் சொல்வார்கள். மண் தரையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினால், கீழிருந்து எழும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். திறந்த கொட்டகையில் காற்றோட்டமாக நின்ற கார் சில சமயம் இதைவிட நல்ல நிலையில் இருக்கும்.

எஞ்சினும் பிரேக்கும்

எஞ்சினைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் மைனரில் அது பெரிய கவலை இல்லை. 1956இல் வந்த மைனர் 1000இல் 948 சிசி எஞ்சின். 1962 முதல் 1098 சிசி. இரண்டும் ‘ஏ சீரிஸ்’ என்னும் ஒரே குடும்பம். அதே குடும்பத்து எஞ்சின் மினி காரிலும் 2000ஆம் ஆண்டு வரை வந்தது. அதனால் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன; கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நல்லது. இறுகியிருந்தால் முழுதும் பிரித்தாக வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நின்ற காரில் பிரேக் எப்போதும் கெட்டிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றுவதற்குள் வேர்த்துவிடும். முன் சக்கரத்தைத் தாங்கும் புரிபோட்ட மூட்டுக்கு நாள்பட கிரீஸ் விடாமல் இருந்தால் புரி தேய்ந்துவிடும்; வண்டி ஓடும்போதே சக்கரம் சாய்ந்துவிடும். இந்த இரண்டிலும் சிக்கனம் பார்க்கவே கூடாது. பிள்ளைகளை ஏற்றிப் போகும் வண்டி இது.

பெட்டிகளை எண்ணுங்கள்

பிரித்துப் போட்ட காரில் இல்லாத பொருள் எது என்பதுதான் மிகப் பெரிய கேள்வி. ஒரு பழைய பாயை விரித்து, ஒவ்வொரு டின்னையும் கொட்டி, வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். கதவுப் பிடிகள், கண்ணாடி ஏற்றும் கருவி, விளக்கு வளையங்கள், மீட்டர், பம்பர், கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர், எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, இருப்பதற்கு ஒரு குறி, இல்லாததற்கு ஒரு குறி போடுங்கள். இல்லாத ஒவ்வொன்றையும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம். பொருளின் விலையைவிடத் தபால் செலவு கூடுதலாக வருவதும் உண்டு.

மைனருக்கு இந்த வசதியாவது உண்டு. அபூர்வமான காரை வாங்கினால், ஒரு விளக்குக் கண்ணாடிக்காக ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். அபூர்வம் என்ற சொல் விற்பவர் வாயில் வந்தால் விலை ஏறும். உங்கள் வாயில் வரும்போது செலவு ஏறும்.

இனிக் கணக்கு

சிலேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின்வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை. உங்கள் ஊர் விலையை நீங்கள்தான் விசாரித்து எழுத வேண்டும்.

வேலை முழுதும் முடிந்து, ஓடிக்கொண்டிருக்கும் அதே மாதிரிக் கார் உங்கள் வட்டாரத்தில் 28,000 வெள்ளிக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதியில் நிற்கும் காருக்கு இன்னும் ஆக வேண்டிய செலவு இது:

தகட்டு வேலையும் வெல்டிங்கும் 6,000
சாயம் 5,000
ஆசனமும் உள் கூரைத் துணியும் 3,000
பிரேக், சக்கர மூட்டு வேலை 2,500
கண்ணாடி ரப்பர், விளக்கு, பம்பர் 2,800
மின்கம்பி வேலை 1,200
டயர், இழுவை லாரி, பரிசோதனை 1,500

மொத்தம் 22,000 வெள்ளி. இதோடு கண்ணுக்குத் தெரியாத செலவுக்காகக் கால் பங்கு சேர்க்க வேண்டும். அது 5,500. ஆக 27,500. இப்போது 28,000இலிருந்து 27,500ஐக் கழியுங்கள். மீதி 500 வெள்ளி. அந்தக் காருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை அவ்வளவுதான்!

விற்பவர் 12,000 கேட்கிறார் என்றால், கார் முடியும்போது உங்களுக்கு 39,500 வெள்ளி ஆகியிருக்கும். ஓடுகிற காரை நேராக வாங்கியிருந்தால் 28,000. மலிவு என்று நினைத்து வாங்கியது 11,500 வெள்ளி கூடுதல். அந்தப் பணம் ஒரு பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு தூரம் வரும் என்று தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? விற்பவர் இதுவரை எவ்வளவு செலவழித்தார் என்ற எண் எங்குமே வரவில்லை. அவர் செலவழித்தது நடந்து முடிந்த விஷயம். நமக்கு வேண்டியது இரண்டே எண்கள்: முடிந்த காரின் விலை, முடிக்க ஆகும் செலவு.

ஒருவருக்கு ஒரு விலை

என்னிடம் படித்த மாணவர் ஒருவர், இப்போது தொழிற்சாலையில் வெல்டராக இருக்கிறார், இப்படி ஒரு காரைப் பார்க்க என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். விற்பவர் ஓய்வு பெற்ற தோட்டத்து லாரி டிரைவர். வேலையை விட்டபின் ஆசையாக ஆரம்பித்திருக்கிறார். சர்க்கரை நோயால் கண் பார்வை மங்கி, வேலை நின்றுவிட்டது. ரசீதுகளையெல்லாம் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். கூட்டினால் 15,000 வெள்ளிக்கு மேல். கேட்ட விலை 12,000.

மேலே எழுதியது ஏறக்குறைய அந்தக் காரின் கணக்குத்தான். ஆனால் தம்பி வெல்டர் அல்லவா? தகட்டு வேலையை அவரே செய்துகொள்வார். 6,000 என்பது தகடு, கேஸ் செலவு மட்டும் 1,500 ஆகிவிட்டது. மொத்தம் 17,500. கால் பங்கு 4,375. கூட்டினால் 21,875. உச்ச விலை 6,125 வெள்ளி. அதே கார், வேறொருவருக்கு 500 வெள்ளிக்குத்தான் தகுதி. இந்தத் தம்பிக்கு 6,000 வரை தகும். அவர் கையில் இருக்கிற தொழிலுக்குத்தான் அந்த வித்தியாசம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். “நானே செய்துகொள்வேன்” என்று எல்லாரும் சொல்லலாம். ஏற்கெனவே செய்து பழகிய வேலையை மட்டும்தான் கழிக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் போகும் வேலையைக் கழித்தால் கணக்குத் தப்பாகும்.

விலையைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. 12,000 கேட்ட பெரியவரிடம் 6,000 என்று எப்படிச் சொல்வது? தம்பி குறை எதுவும் பேசவில்லை. “ஐயா, நீங்கள் செய்திருக்கிற வேலை சுத்தமான வேலை. இன்னும் ஆக வேண்டியதை எழுதியிருக்கிறேன், நீங்களே கேட்டுப் பாருங்கள்” என்று பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார். இடையில் ஒரு முறை, “சாயத்துக்கு இன்னும் கூடவே ஆகும் தம்பி” என்று அவரே திருத்தினார். கடைசியில், “கணக்கு சரிதான். ஆனால் மனசு ஒத்துக்கொள்ளவில்லை” என்றார். நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

ஐந்து வாரம் கழித்து அவரே ஆள் அனுப்பினார். வந்து பார்த்தவர்கள் பலர். பட்டியலோடு வந்தவர் ஒருவர்தான் என்றாராம். 6,000 வெள்ளிக்கு முடிந்தது. அந்த ரசீது நோட்டையும் கொடுத்துவிட்டார். விலை போடும்போது அந்த நோட்டுக்கு மதிப்பில்லை என்றேன். வாங்கிய பின் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. எந்தப் பாகம் புதிது, எந்தக் கடையில் வாங்கியது, எப்போது மாற்றியது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர் வந்து நாற்காலி போட்டு உட்காருகிறார். கண் தெரியாவிட்டாலும், திருகாணியைக் கையில் தடவிப் பார்த்தே அது எந்த இடத்துக்கு உரியது என்று சொல்கிறார். வேலை இன்னும் முடியவில்லை. தம்பி மாதம் இவ்வளவுதான் என்று ஒதுக்கி, அதற்குள்தான் செய்து வருகிறார். தகப்பனாரின் சேமநிதியில் கை வைக்கவில்லை.

வீட்டில் பேசிவிட்டுப் போங்கள்

கடைசியாகச் சில வார்த்தைகள். இப்படிப்பட்ட காரை இலாபத்துக்காக வாங்காதீர்கள். மேலே போட்ட கணக்கில் இலாபம் எங்கே ஒளிந்திருக்கிறது, சொல்லுங்கள்! ஓட்டி மகிழ, பிள்ளைகளுக்குக் காட்ட, நம் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்காக வாங்குங்கள். அந்த ஆசைக்கு உச்ச விலைக்கு மேல் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

கூட்டுப் பணம், பிள்ளைகளின் படிப்புப் பணம், வீட்டுத் தவணைப் பணம் இந்த மூன்றையும் தொடக்கூடாது. காரை நிறுத்தக் கூரையுள்ள இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுக்குமாடி வீட்டின் கீழே செங்கல்மேல் நிறுத்த விடமாட்டார்கள். முதல் தடவை பார்க்கப் போகும்போது பணம் எடுத்துப் போகாதீர்கள். முன்பணம் கேட்டாலும், பத்திரத்தைப் பார்த்த பிறகுதான். முக்கியமாக, வீட்டுக்காரம்மாவிடம் பட்டியலைக் காட்டிவிட்டுப் போங்கள். அரிசி, பருப்பு, பள்ளிக் கட்டணம் என்று ஒவ்வொரு மாதமும் மீதி பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர் அவர். நாம் எழுத மறந்த செலவு எது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

பத்திரம், கீழ்த் தகடு, பாயில் அடுக்கிய பாகங்கள், பிறகு சிலேட்டுக் கணக்கு. இந்த வரிசை மாறாமல் பாருங்கள். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் ஆற்றுக்கு மட்டும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம். வணக்கம்.